சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போவது? வேலூர் பக்கம் குடியை விட நினைப்பவருக்கு ஏற்ற கூட்டத்தைத் தேடும் வழி

கார்த்திகை பிறந்ததும் எங்கள் தெருவில் குடிக்கிறவர்களில் பாதிப்பேர் மாலை போட்டுவிடுவார்கள். நானும் மூன்று வருடம் போட்டிருக்கிறேன். 48 நாளும் ஒரு சொட்டு கிடையாது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பழையபடி குவார்ட்டர். 48 நாள் இருக்க முடிந்தவனுக்கு 49ஆம் நாள் ஏன் முடியவில்லை என்று வீட்டில் கேட்பார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

மாலை போட்டிருந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் போவதற்கு ஓர் இடம் இருந்தது. பஜனை இருந்தது. அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மனசு தடுமாறினால் சொல்லிக்கொள்ள குருசாமி இருந்தார். வழக்கமாகக் கடைக்குக் கூப்பிடுகிறவன்கூட "சாமி" என்று சொல்லி ஒதுங்கிப் போனான். மாலையைக் கழற்றிய அன்று இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விட்டன.

குடியிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் கூட்டம் கிட்டத்தட்ட அந்த 48 நாள்தான். ஆனால் கழற்றும் தேதி கிடையாது. நான் குடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. நான் போன முதல் கூட்டம் எனக்கு ஒத்துவரவில்லை. அதை வைத்து இந்தக் கூட்டங்களே எனக்கு ஆகாது என்று முடிவுகட்டி, இன்னும் பதினொரு மாதம் குடித்தேன். நீங்கள் அந்தப் பதினொரு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

கூட்டத்துக்கான எண் கிடைத்ததும் நான் போன் செய்தேன். எடுத்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"சொல்லு தம்பி. இன்னிக்கி குடிச்சிருக்கியா?"

"இல்லண்ணா. நேத்து ராத்திரியோட சரி."

"கை நடுங்குதா?"

"நடுங்குதுண்ணா. வேர்த்துக் கொட்டுது. தூக்கமே இல்ல."

"அப்ப கூட்டத்துக்கு அப்புறம் வரலாம். வீட்ல யாரயாவது கூட்டிக்கினு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

அவர் செய்தது எவ்வளவு சரி என்று பிறகுதான் தெரிந்தது. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கலங்கிப்போகும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் குரல் கேட்கும், நாளும் இடமும் புரியாமல் பிதற்றுவார்கள். வீட்டில் "பேய் பிடித்துவிட்டது" என்று நினைப்பது இதைத்தான். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மாலை போடுவதற்காகத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆகவே காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், எல்லோரும் டாக்டரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும். சில நாளைக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் உடம்பு ஒரு நிலைக்கு வந்துவிடும்.

வேலூரில் இதற்கு வழி இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே பழைய வழக்கம். செலவு செய்ய முடியாதவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. மாவட்ட மனநலத் திட்டம் மூன்றிலும் உண்டு. பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். வலிப்போ பிதற்றலோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

அது என்ன கூட்டம்

நான் பெரும்பாலும் பேசப்போவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பற்றி. சுருக்கமாக ஏ.ஏ. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர், மற்றவர் டாக்டர். குடியை விட்ட ஒருவன் விட முடியாத இன்னொருவனிடம் பேசினால் இரண்டு பேருமே குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 1950களில் இந்தியாவுக்கு வந்தது. இப்போது தமிழில் நடக்கும் கூட்டங்கள் நிறைய.

சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. ஆதார் கேட்க மாட்டார்கள். முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றிவரும், முடிந்தவர்கள் பத்து இருபது போடுவார்கள். வாடகையும் டீச் செலவும் அதிலிருந்துதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. புதிதாக வருகிறவர் எதுவும் போட வேண்டாம்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. 2020ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மருத்துவமனையில் முறையாக ஏ.ஏ. பக்கம் வழிகாட்டி அனுப்பப்பட்டவர்கள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற மனநல சிகிச்சை முறைகளில் இருந்தவர்களைவிடக் கொஞ்சம் மேலாகவே இருந்தார்கள். கூட்டமும் டாக்டரும் கை கோத்தால் நல்லது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடவுள் பேச்சு வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரெக்கவரி என்று ஒன்று இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி போல நடக்கும். பெரும்பாலும் இணையத்தில், ஆங்கிலத்தில். அது வசதிப்படுகிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

எங்கே விசாரிப்பது

மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரைக் கேட்பதுதான் நல்ல வழி. டாக்டருக்கு நேரம் இருக்காது. இவர்களுக்கோ எந்த ஊரில் எந்தக் கிழமை கூட்டம், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். சில மருத்துவமனைகளில் ஏ.ஏ. உறுப்பினர்களே வார்டுக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள். அப்படி வந்தால் எழுந்து போய்விடாமல் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

போனில் கேட்பதென்றால் 14446. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணமில்லை. மனசு கலங்கி, நடு இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104ம் இருக்கிறது. ஏ.ஏ.வின் இந்திய அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் பார்க்கலாம். வேலூரோடு நிறுத்தாமல் ஆம்பூர், ராணிப்பேட்டை, அரக்கோணம் என்றும் தேடுங்கள்.

சர்ச் அலுவலகங்களிலும் விசாரிக்கலாம். பல ஊர்களில் கூட்டம் நடப்பது சர்ச் ஹாலில் அல்லது பள்ளி வகுப்பறையில். இடம் கொடுப்பதோடு சரி, சர்ச்சுக்கும் ஏ.ஏ.வுக்கும் வேறு சம்பந்தம் இல்லை. மேல்விஷாரத்திலிருந்து வந்த பாய் ஒருவர் சிலுவை மாட்டிய கட்டடம் என்று மூன்று வாரம் வாசலோடு திரும்பிப் போனார். நான்காம் வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தவர் இன்றும் வருகிறார். கூட்டத்தில் கடவுள் என்று வரும் இடத்தில் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் பொருள்.

போனில் என்ன கேட்க வேண்டும்

பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல்ல வேண்டாம். இந்த வாரம் நடக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அச்சடித்த பட்டியலை நம்பிக் குடியாத்தத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் குடித்தவன் நான்.

அடுத்து, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், யார் வேண்டுமானாலும் கூட வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் தடவை துணையோடு போக விரும்புகிறவர் திறந்த கூட்டமாகப் பார்த்துப் போவது நல்லது. எந்த மொழியில் பேசுவார்கள் என்பதையும் கேளுங்கள். நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள் அதிகம். தமிழ்க் கூட்டத்தில் உங்கள் மொழியில் பேசினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. "பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வருவார்கள். புதிதாக வருகிறவரை அழைத்துப் போவது அவர்களுக்கும் குடிக்காமல் இருக்க உதவும் வேலை.

நேரமும் வழியும்

எனக்குத் தெரிந்தவரை கூட்டம் தேடுகிறவர்கள் தவறுவது இங்கேதான். நல்ல கூட்டம் எது என்று பார்க்கிறார்கள். தனக்கு ஆபத்தான நேரம் எது என்று பார்ப்பதில்லை.

ஒரு தாளை எடுத்துக் கடந்த ஒரு மாதத்தை எழுதுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு, எந்தக் கடையில். டாஸ்மாக் மதியம் 12 முதல் ராத்திரி 10 வரை திறந்திருக்கும். அந்தப் பத்து மணி நேரத்தில் உங்களை இழுக்கும் இரண்டு மணி நேரம் எது? தோல் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி கைக்கு வரும் ஆறு மணி. தறிக்காரருக்குப் பாவு முடித்துக் கொடுத்துக் காசு வாங்கும் நாள். கடை வைத்திருப்பவருக்குக் கதவைச் சாத்திய பிறகு ஒன்பது மணி. ஷிப்டு வேலைக்காரருக்கு இரவு வேலை முடிந்த மறுநாள் மதியம்.

எனக்குச் சனிக்கிழமை. நான் போன முதல் கூட்டம் ஞாயிறு காலையில். நல்ல கூட்டம், நல்ல மனிதர்கள். ஆனால் அங்கே போகும்போதே முந்தின ராத்திரி குடித்த தலைவலி இருக்கும். வெட்கமாக இருக்கும், பேச வராது, நான்கு வாரத்தில் நின்றுவிட்டேன். பதினொரு மாதம் கழித்துச் சனிக்கிழமை ஆறரை மணிக் கூட்டம் ஒன்று கிடைத்தது. கூலி வாங்கியதும் வீட்டுக்காரியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நேராக பஸ் ஏறினேன். கூட்டம் முடிந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சேரும்போது கடை சாத்தும் நேரம் ஆகியிருக்கும். அந்த ஒரு மாற்றம்தான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

வழியையும் பாருங்கள். இறங்கும் ஸ்டாப்பிலிருந்து ஹால் வரை நடக்கிற பாதையில் கடை இருக்கிறதா? பழைய கூட்டாளிகள் நிற்கும் முனை இருக்கிறதா? இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிச் சுற்றிப் போங்கள். திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வையுங்கள். பஸ் தவறிப்போய் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் தனியாக நிற்பது முதல் மாதத்தில் தாங்காது. பஸ் டிக்கெட்டுக்கு வேண்டிய சில்லறையும் டீக்கு வேண்டியதும் மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர் பக்கத்து ஊரில் போகலாம். பேரணாம்பட்டுக்காரர் ஆம்பூரில், ஆற்காட்டுக்காரர் வேலூரில் என்று போகிறவர்கள் உண்டு. ஆனால் தூரம் அதிகமானால் மழை நாளில் போக மாட்டோம். மழை நாளிலும் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒன்று வேண்டும்.

முதல் நாள்

ஒன்று ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒரு சின்னப் பிரார்த்தனை, சில வாசிப்புகள், அப்புறம் ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது "இன்னிக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றால் போதும். அடுத்தவருக்குப் போய்விடும். அன்று குடித்திருந்தால்கூடப் பெரும்பாலான கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து கேட்க விடுவார்கள்.

அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். நம் தெருக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தாலும் அவரும் நம்மைப் போலத்தான் வந்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதிக் கூட்டம் இருக்கிறது. இரண்டு பேருடைய போன் எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய மறுநாளே, காரணம் எதுவும் இல்லாவிட்டாலும், ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். சும்மா இருக்கும்போது கூப்பிட்டுப் பழகாதவன் கடை வாசலில் நிற்கும்போது கூப்பிட மாட்டான்.

ஒத்துவருகிறதா என்று எப்படித் தெரியும்

ஒரே கூட்டத்துக்கு ஆறு தடவை போய்ப் பாருங்கள். முடிந்தால் வேறு இரண்டு கூட்டங்களும். ஒரு நாள் வந்தவர்களை வைத்து எந்தக் கூட்டத்தையும் எடை போட முடியாது. உங்கள் கதையை உங்களுக்கு முன்பே வேறு ஒருவர் சொல்லிவிட்டது போல ஒரு நாளாவது தோன்றியதா? இரண்டு மூன்று வருடம் குடிக்காமல் இருப்பவர்கள் அங்கே இருக்கிறார்களா? ஒரு வாரம் போகாவிட்டால் யாராவது போன் செய்து கேட்டார்களா? இவை இருந்தால் அது உங்கள் கூட்டம்.

அங்கே இருப்பவர்களில் ஒருவரை ஸ்பான்சராக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் குருசாமி மாதிரிதான். நன்றாகப் பேசுகிறவரைவிட, போனை எடுக்கிறவராகப் பார்த்துக் கேளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். அது நல்ல வழக்கம்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. பணம் கட்டச் சொன்னால், மருந்து விற்றால், மதம் மாறச் சொன்னால், கடன் கேட்டால் அங்கே இருக்க வேண்டாம். டாக்டர் கொடுத்த மனநல மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருந்து விஷயம் டாக்டருடையது. கூட்டத்தில் இருக்கும் பெரியவர் ஆனாலும் அதில் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

கூட்டத்தையும் மறுவாழ்வு இல்லத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இல்லத்தில் தங்க வேண்டும், பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். அதற்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளிக்கு உரிமைகள் கொடுத்திருக்கிறது. கையைக் காலைக் கட்டி வேனில் தூக்கிப்போகும் இடம் எதுவானாலும் வேண்டவே வேண்டாம். அப்படி ஓர் இடத்தில் என் சித்தப்பா மகன் 40 நாள் இருந்தான். வெளியே வந்ததும் வீட்டார் முகத்தையே பார்க்க மறுத்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அம்மா, அண்ணி, தங்கச்சி யாராக இருந்தாலும் இதைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நிற்கும் என்று விற்கிற மருந்தை வாங்காதீர்கள். அப்படிக் கொடுக்கப்படுவதில் டைசல்பிராம் என்ற மருந்தும் இருக்கலாம். அது உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும்.

அவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் 1951லிருந்து இருக்கிறது. பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் எத்தனையோ பெண்கள் குடிக்கிறவரின் கடனையும் பொய்யையும் தனியாகச் சுமக்கிறார்கள். அதை இறக்கி வைக்க ஓர் இடம் அவர்களுக்கும் வேண்டும். வீட்டில் அடி உதை இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் 181ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் அது.

குடிக்கும் பெண்களுக்கு நம் ஊரில் இது இன்னும் கஷ்டம். முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருக்கும் ஹாலில் நுழையவே கால் வராது. முதலில் மனநலப் பிரிவில் பெண் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். ஜூம் வழியாகப் பெண்களுக்கு மட்டும் நடக்கும் ஏ.ஏ. கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். தமிழில் தினசரி நடக்கும் இணையக் கூட்டங்கள் ஆண்களுக்கும் உதவும். 90 நாளில் 90 கூட்டம் என்று ஏ.ஏ.யில் ஒரு பழைய பரிந்துரை உண்டு. கிராமத்திலிருந்து தினமும் டவுனுக்கு வர முடியாது. வாரம் ஒன்று நேரில், மற்ற நாள் போனில் என்று வைத்துக்கொள்ளலாம். போனில் மட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

தவறிவிட்டால்

குடித்துவிட்டால் அந்த வாரமே போங்கள். வெட்கத்தில் ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்று நினைத்தால் அந்த ஒரு மாதமும் குடியில்தான் போகும். யாரும் திட்ட மாட்டார்கள். குடிக்காத நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், அவ்வளவுதான்.

காலண்டரை எடுத்துச் சில நாட்களை முன்பே குறித்து வையுங்கள். தை மாதம் எருது விடும் விழா. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே திரண்டிருக்கும், தெரிந்தவன் எல்லோரும் கையைப் பிடித்து இழுப்பான். துக்க வீடு இன்னும் கஷ்டம், அதற்குத் தேதியும் கிடையாது. அந்த நாட்களில் ஸ்பான்சரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். போன வருடம் என் பெரியப்பா சாவுக்கு, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் காட்பாடியிலிருந்து வந்து, காலையிலிருந்து சுடுகாடு வரை என் பக்கத்திலேயே நடந்தார். உறவுக்காரர்கள் யார் இவர் என்று கேட்டார்கள். தெரிந்த அண்ணன் என்று சொன்னேன்.